நாற்பத்தொன்று காட்டிய பெட்டி

சேர்மத்துரை அண்ணாச்சி வெளியூரில் ஒரு டீ குடிப்பதென்றாலும் முதலில் டம்ளர் கழுவுகிற வாளியை எட்டிப் பார்ப்பார். அப்புறம் பால் பாத்திரம். அப்புறம் டீ ஆற்றுகிறவன் முகம். மூன்றும் சரியென்று பட்டால்தான் பெஞ்சில் உட்காருவார். உட்கார்ந்த பிறகும் பாதி டீயை மிச்சம் வைப்பார். முழுசாகக் குடித்துவிட்டால் கடைக்காரனுக்குத் தெம்பு வந்துவிடுமாம்.

அன்றைக்கு அவர் டீயே குடிக்கவில்லை. வேம்பாரிலிருந்து காயல்பட்டினம் வரைக்கும் ஓர் இரும்புப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டே வேனில் வந்தார்.

"பின்னால வச்சிரலாமே, அண்ணாச்சி. ஏரேட்டர் சாமானோட சேர்ந்து கிடக்கட்டும்" என்றான் டிரைவர்.

"ஏன்? பின்னால என்ன இருக்கு?"

டிரைவர் அதற்குப் பிறகு ஊர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஒரு கம்ப்யூட்டர். துறைமுக ஏலத்தில் வருகிற பழைய கம்ப்யூட்டர்களை அடித்துப் பேசி வாங்கி, பிரித்து, துடைத்து, இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, இறால் குட்டைகளில் மாட்டி ஓட்டிக் கொடுப்பது அண்ணாச்சியின் தொழில். குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்குவதற்கு ஏரேட்டர்கள் சுழலும். எது எப்போது சுழல வேண்டும் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஏமாந்து ஏமாந்து தொழில் படித்தவர். ஏமாற்றினவன் பெயரையெல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்லுவார்.

நேற்று உச்சிவெயிலில் வேம்பார்க் குட்டையில் பெட்டி செத்துப்போனது. ஏரேட்டர் நின்றது. ஆள் போய்ப் பார்ப்பதற்குள் இறால் மொத்தமும் மூச்சு முட்டிக் கரையோரமாக வெளுத்துக் கிடந்தது.

பெட்டியோடு அவர் ஏறிப்போன மாடி, ஹபீபா டீச்சருடையது. அண்ணாச்சியைவிட இருபது வயது சின்னவர். பெங்களூரில் சிப்பு செய்கிற கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு, உம்மாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர். கம்ப்யூட்டருக்குள்ளே எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. யார் ஓடுவது, யார் காத்திருப்பது, எது சூடாகிறது, எப்போது விசிறி சுற்றவேண்டும் எல்லாம் அது வைத்த சட்டம். அந்தக் கெர்னலில் டீச்சர் எழுதிய வரிகள் ஊர் உலகமெல்லாம் ஓடுகின்றன என்று அண்ணாச்சி கேள்விப்பட்டார். நம்பவில்லை. நாலு பேரிடம் விசாரித்தார். உண்மைதான் என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இந்த மாடியில் என்ன வேலை?

ஆனாலும் போன வருஷம் வந்து காலணியைக் கழற்றினார்.

"எவனோ செஞ்சு வச்ச கெர்னலை நான் ஏன் நம்பணும், டீச்சர்? கடை மசாலாவை நம்பாம வீட்ல அரைக்கமா இல்லையா? நானே அரைச்சுக்கிடுதேன். சொல்லிக் குடுங்க."

டீச்சர் சிரித்து, உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அண்ணாச்சி மாணவர். டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் லேசில் பதில் வராது. ஏதாவது வேலை வரும். அண்ணாச்சிக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பதில் தெரியாதவர்கள்தான் வேலை சொல்வார்கள் என்பது அவர் அனுபவம்.

பெட்டியை மேசையில் வைத்தார். வைத்த பிறகும் அதன் மேலிருந்து ஒரு கையை எடுக்கவில்லை.

"கொன்னுட்டா, டீச்சர்."

"யாரை?"

"பெட்டியை."

"யாரு?"

"கிளாடிஸ். எங்கிட்ட மெக்கானிக்கா இருக்காள்ல, டிப்ளமா படிச்ச பொண்ணு. நேத்து காலையில அவதான் குட்டைக்குப் போயிருக்கா. மத்தியானம் பெட்டி செத்திருக்கு. வேற யாரு?"

"பெட்டியில பூட்டு இருக்கே."

"பூட்டு இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. பிளக்கு வெளியதான இருக்கு? பிடுங்கியிருக்கா. பெட்டி நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வைக்கிற குறிப்பை, அந்த லாக்கைப் பாத்தேன். ஒழுங்கா அணைஞ்சா 'அணையப் போறேன்'னு கடைசியில ஒரு வரி எழுதும். அப்படி ஒண்ணும் இல்லை. நாப்பத்தொரு டிகிரி, எல்லாம் சுகம்னு எழுதியிருக்கு. அடுத்த வரியே இல்லை. பிளக்கைப் பிடுங்கினாத்தான் இப்படி வரும்."

"பிடுங்கினாத்தானா?"

"பின்ன?"

டீச்சர் பெட்டியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"வேம்பார் போலீஸ் ஸ்டேஷன்ல. பெஞ்சுல உக்கார வச்சிருக்கு. நம்ம வேல்பாண்டி கூட இருக்கான். இன்ஸ்பெக்டர் ஒரு பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு. வந்ததும் எழுதிருவாரு. கெர்னல் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் சொல்லணும்னாரு. யாரோ பிடுங்கித்தான் செத்திருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எழுதிட்டா?"

"உள்ள போவா. இனிமே எவன் வேலை குடுப்பான்? அவங்க அப்பன் கடலுக்குப் போகாம ஸ்டேஷன் வாசல்ல நிக்காரு. நிக்கட்டும். இறாலு செத்துக் கிடந்ததை நீங்க பாக்கலை."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கெர்னல்ல வெப்பத்துக்கு என்ன போட்டு வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

"அது இப்ப எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

'சும்மா' என்று யாராவது சொன்னால் அண்ணாச்சி மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கெர்னலை அரைப்பதற்கு முன்னால் திரையில் ஒரு மெனு வரும். நீளமான மெனு. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று வரிக்கு வரி கேட்கும். மற்றவர்கள் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மேலே போவார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு வரியிலும் நின்று, இதில் யாருக்கு லாபம் என்று யோசித்தார். வெப்பப் பகுதிக்கு வந்தபோது இரண்டு சென்சர்கள் இருந்தன. ஒன்று சிப்புக்கு உள்ளேயே இருப்பது. இன்னொன்று சிப்பு உட்கார்ந்திருக்கிற போர்டில் இருப்பதாக மெனு சொன்னது. சிப்புச் சென்சர் பெரிய நச்சரிப்பு. காலையில் ஐம்பது என்கும். வெயில் ஏற ஏற எழுபது, எண்பது. உச்சியில் தொண்ணூற்றைந்தைத் தொட்டுவிடும். தொட்டால் கெர்னல் ஏரேட்டர்களையெல்லாம் பெட்டி இல்லாமலே ஓடும்படி நேர் கரண்டுக்கு மாற்றிவிட்டு, அண்ணாச்சிக்கு ஒரு தகவலும் அனுப்பிவிட்டுத் தன்னை அணைத்துக்கொள்ளும். அண்ணாச்சி சாப்பாட்டில் கையை வைக்கும்போது சரியாகப் போன் கத்தும்.

"முதல்ல பேரம் பேசிப் பாத்தேன், டீச்சர்."

"யார்கிட்ட?"

"கெர்னல்கிட்டதான். தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சு. நூத்தஞ்சுன்னு மாத்தினேன். பத்து ஏத்திக் கேட்டாத்தான எதுவும் படியும்?"

"படிஞ்சுதா?"

"எங்க? நூத்தஞ்சையும் தொட்டுட்டான். இவன் சரிப்பட்டு வரமாட்டான்னு மெனுவுல இருந்தே தூக்கிட்டேன். இன்னொருத்தன் இருக்காம்லா, போர்டு சென்சர்? தங்கமான பய. காலையில நாப்பத்தொண்ணு. மத்தியானம் நாப்பத்தொண்ணு. கூடப் பேசமாட்டான், குறைச்சுப் பேசமாட்டான். விசிறியையும் அவன் பொறுப்புல விட்டுட்டேன்."

"விசிறி சுத்திச்சா?"

"நாப்பத்தொண்ணுக்கு எதுக்குச் சுத்தணும்? சத்தமே இல்லை. எவ்வளவு நிம்மதிங்கீங்க."

"கிளாடிஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"அவளா? தினம் ஒப்பாரிதான். 'பெட்டி கொதிக்கு அண்ணாச்சி, ஓட்டை போடுங்க அண்ணாச்சி'ம்பா. ஓட்டை எதுக்குன்னு கேக்கேன்? கம்பி விடவா, கையை விடவா? அப்பமே எனக்கு ஒரு இது. நாலு பக்கமும் அடைச்சுப் பூட்டைப் போட்டேன்."

"வேல்பாண்டி?"

"அவன் எட்டு வருஷமா எங்கூட இருக்கான். ஒரு நாள் முகம் சுளிச்சது கிடையாது. காலையிலயும் சாயங்காலமும் கூப்பிட்டு, 'எல்லாம் நல்லா இருக்கு அண்ணாச்சி'ன்னு சொல்லிருவான்."

டீச்சர் எழுந்தார்.

"மொட்டை மாடிக்கு வாங்க. பெட்டியை நீங்களே தூக்கிக்கோங்க."

"நானேதான் தூக்குவேன்" என்றார் அண்ணாச்சி.

மாடியில் வெயில் கண்ணைப் பிடுங்கியது. டீச்சர் கீழேயிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்தார். பெட்டியைப் பூட்டியபடியே வெறுந்தரையில் வைக்கச் சொன்னார். மடிக்கணினியிலிருந்து ஒரே ஒரு கேபிளை அதில் செருகினார்.

"குட்டையில இது என்ன வேலை செய்யும்?"

அண்ணாச்சி கொஞ்சம் தயங்கினார். ஏரேட்டரைப் பார்ப்பது பெட்டிக்குச் சின்ன வேலைதான். குட்டைக்கு நாலு காமிரா மாட்டியிருந்தார். வேலையாட்கள் யார் எங்கே நிற்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று அந்தப் படங்களைப் பகலெல்லாம் மென்றுகொண்டிருப்பதுதான் பெரிய வேலை.

"நேத்து எடுத்த படம் உள்ளதான் இருக்கு" என்றார் மெதுவாக.

"அதையே திரும்ப மெல்லட்டும்" என்று ஓடவிட்டார் டீச்சர். "பிளக்கை நீங்க பிடிச்சுக்கோங்க."

அண்ணாச்சி பிளக் சொருகிய இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தார். பிடித்த பிறகு இன்னொன்று தோன்றியது.

"கீழ யாராச்சும் மெயினை அணைச்சிட்டா?"

"அந்தா, அதே மெயின்லதான் தண்ணி மோட்டார் ஓடுது. சத்தம் கேக்குதுல்ல? அது நிக்குதான்னு கவனிச்சுக்கோங்க."

அண்ணாச்சி ஒரு காதை மோட்டாரிடம் கொடுத்தார். கையைப் பிளக்கிடம் கொடுத்தார். கண்ணை டீச்சரின் விரல்களிடம் கொடுத்தார். டீச்சர் மடிக்கணினியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரையில் நாற்பத்தொன்று. வியர்வை அண்ணாச்சியின் முதுகில் ஓடிற்று. நாற்பத்தொன்று. வேட்டி தரையில் பட்ட இடமெல்லாம் சுட்டது. நாற்பத்தொன்று.

"பாத்தீங்களா? நான் வெந்துக்கிட்டு இருக்கேன். அவன் அசையமாட்டேங்கான்."

டீச்சர் தலையை ஆட்டினார்.

பெட்டியிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. திரையில் எண் உறைந்து நின்றது. பெட்டியின் பச்சை விளக்கு அவிந்திருந்தது.

தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிளக் சொருகினபடியே அவர் கைக்கடியில் இருந்தது.

அண்ணாச்சி பிளக்கைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். இடுப்புச் சாவியை உருவி, பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி, யார் என்ன செய்தார்கள் என்று பார்க்கிற வேகத்தில் உள்ளே கையை வைத்தார். சிப்பின் மேலிருந்த அலுமினியத் தகட்டில் உள்ளங்கை பட்டது.

"ஆத்தாடி!"

கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார். டீச்சர் வந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியை உயிர்ப்பித்து, லாக்கைத் திறந்து காட்டினார். நாற்பத்தொரு டிகிரி, எல்லாம் சுகம். அடுத்த வரி இல்லை.

"நீங்க ஏதோ பண்ணிட்டீங்க" என்றார் அண்ணாச்சி.

"என்ன?"

"கேபிள் வழியா."

"கேபிளைக் கழற்றிட்டு இன்னொரு தடவை பாப்போமா?"

அண்ணாச்சி உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்து, கோடு கோடாகத் தகட்டின் அச்சு விழுந்திருந்தது.

"ஐஸ் வாங்கிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

"கைக்கா?"

"வாங்கிட்டு வாங்களேன்."

அண்ணாச்சி துண்டில் சுற்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ஐஸ் வாங்கப் போகிறவர் எதற்குப் பெட்டியைத் தூக்குகிறார் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

மீன் கடையில் ஐஸ் உடைக்கிறவன் ஒரு பாளத்தை எடுத்துப் போட்டான். அண்ணாச்சி அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதுல பாதி தண்ணியால இருக்கு."

"முழுசுமே தண்ணிதான் அண்ணாச்சி. ஐஸ்னா அப்படித்தான்."

"அதுக்கு இந்த விலையா?"

"பேசிக்கிட்டே நில்லுங்க. நீங்க கேக்கிற விலைக்கு அதுவே இறங்கி வந்திரும்."

பேசிக்கொண்டே நின்றார். விலை படிந்தபோது பாளம் பாதியாகியிருந்தது. அதைப் பாலிதீன் பையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த அம்மா தன்னை எதற்கு வெளியே அனுப்பியது? கிளாடிஸும் பெண், இதுவும் பெண். இந்நேரம் ஸ்டேஷனுக்குப் போன் போயிருக்கும்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் பூனை மாதிரி ஏறினார். கதவுக்குப் பின்னால் டீச்சரின் குரல் தணிவாகக் கேட்டது. அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக் காதை வைத்தார்.

"... மாத்திரை கசக்கத்தான் செய்யும். கஞ்சியை ஒரு வாய் குடிச்சிட்டு முழுங்கிடுங்க, உம்மா."

அண்ணாச்சி அசையவில்லை. வேறு ஏதாவது பேச்சு வருமா என்று நின்றார். பையிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் படியில் விழுந்தது.

"உள்ள வாங்க, அண்ணாச்சி" என்றது குரல். "ஐஸ் கரையுது."

மேசையில் பெட்டியைத் திறந்து வைத்து, டீச்சர் தன் பென்டிரைவிலிருந்த வேறொரு கெர்னலில் அதை ஓட்டினார். அதில் இரண்டு சென்சர்களும் இருந்தன. திரையில் இரண்டு வரி வந்தது. மேலே சிப்பு: எழுபத்தாறு. கீழே போர்டு: நாற்பத்தொன்று.

அண்ணாச்சி எரிகிற கையை ஐஸ் பைக்கு நீட்டினார். டீச்சர் பையை நகர்த்திவிட்டார்.

"முதல்ல இதுக்கு. நீங்களே வைங்க. என் கை படவேண்டாம்."

அண்ணாச்சி பையைத் தூக்கி அலுமினியத் தகட்டின் மேல் வைத்தார். மேல் வரி இறங்க ஆரம்பித்தது. எழுபது. ஐம்பத்தெட்டு. நாற்பத்து நாலு.

"பாத்தீங்களா, பாத்தீங்களா? நேரத்துக்கு ஒரு பேச்சு. கொஞ்சம் குளிர்ச்சியாக் காட்டினதும் எப்படிக் குழையுதான் பாருங்க. இவனை எப்படி நம்ப?"

கீழ் வரி நாற்பத்தொன்று.

"இவனைப் பாருங்க. ஐஸ் வச்சா என்ன, அடுப்புல வச்சா என்ன. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்."

"இன்னும் கொஞ்சம் வைங்க."

மேல் வரி முப்பத்தொன்று. இருபத்தாறு. கீழ் வரி நாற்பத்தொன்று.

அண்ணாச்சி பையை நகர்த்தினார். போர்டின் இடது மூலையில் வைத்தார். வலது மூலையில் வைத்தார். நடுவில், ஓரத்தில், விசிறிக்குப் பக்கத்தில் என்று தடவிக்கொண்டே போனார். விரல்கள் மரத்துப்போயின. போர்டு முழுக்க ஜில்லிட்டுக் கிடந்தது.

நாற்பத்தொன்று.

அண்ணாச்சி பையைக் கீழே வைத்தார்.

"எங்க இருக்கான் இவன்?"

டீச்சர் ஒரு டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் அவர் பக்கம் தள்ளினார்.

போர்டு படிப்பது அண்ணாச்சிக்குத் தெரியும். ஏலத்தில் ஒரு போர்டைத் திருப்பிப் பார்த்த பார்வையிலேயே எதை உருவிவிட்டு விற்கிறான் என்று சொல்லிவிடுவார். குனிந்து, சென்சர் கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்று பிடித்து, அதன் பின்னாலேயே டார்ச்சை நகர்த்தினார். கோடு போர்டின் ஓரத்தில் இரண்டு ஈயப் பொட்டுகளில் போய் முடிந்தது. பொட்டுகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை. ஒரு பொருளை உட்கார வைப்பதற்காக வரைந்த வெள்ளைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. விலையைக் குறைப்பதற்காக, போர்டு செய்தவன் இடத்தை மட்டும் போட்டுவிட்டு ஆளை உட்கார வைக்காமல் விட்டிருக்கிறான்.

"இங்க சென்சரே இல்லையே, டீச்சர்."

"ம்."

"முதல்ல இருந்தே இல்லையா?"

"ம்."

"இல்லாதவன் எப்படி நாப்பத்தொண்ணுன்னு சொல்லுவான்?"

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க, அண்ணாச்சி. ஏதாவது சொல்லணும்ல."

அண்ணாச்சி டார்ச்சை அணைத்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார். கட்டம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

"அப்ப கரண்டை அறுத்தது?"

"சிப்புதான். சூடு தாங்கலைன்னா கெர்னல் விசிறியை முடுக்கும், வேலையைக் குறைக்கும், முடியலைன்னா சொல்லிட்டு ஒழுங்கா அணைக்கும். கெர்னலுக்கே தெரியாமப் போச்சுன்னா, எரிஞ்சு போகுமுன்ன சிப்பு தானே அறுத்துக்கும். எழுதி வைக்க அதுக்கு நேரம் கிடையாது."

பையிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்து, "இப்ப கைக்கு" என்று கொடுத்தார். அண்ணாச்சி அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

மேசையில் போன் கத்தியது. வேல்பாண்டி. அண்ணாச்சி இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, அண்ணாச்சி. எழுத உக்காந்தாச்சு. கெர்னல் அம்மா சொல்லிட்டாங்களான்னு கேக்காரு. சொல்லிட்டாங்கன்னு சொல்லிரட்டுமா?"

அண்ணாச்சியின் கண் திரையிலேயே இருந்தது. மேல் வரி திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு. நாற்பத்து மூன்று. கீழ் வரி அதே இடத்தில்.

"வேல்பாண்டி."

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"வேம்பார்க் குட்டையில ஏரேட்டர் எல்லாம் எப்படி இருக்கு?"

"ஜம்முன்னு ஓடுது, அண்ணாச்சி. இப்பதான் விசாரிச்சேன். ஒரு குறையும் இல்லை."

ஜன்னல் வழியாகக் கீழே தெருவில் வேன் தெரிந்தது. காலையில் அந்தக் குட்டையின் ஏரேட்டர்களை அண்ணாச்சியே முன்னால் நின்று கழற்றி, அதில்தான் ஏற்றியிருந்தார். ஒன்றின் இறக்கை தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கிளாடிஸ் சாப்பிட்டாளா?"

"நல்லா சாப்பிட்டா, அண்ணாச்சி."

"போனை அவகிட்ட குடு."

"அவ எதுக்கு அண்ணாச்சி, வாய்க்கு வந்ததைப் பேசுவா..."

"குடுல!"

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம் வறண்ட தொண்டையில் ஒரு குரல்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் என்ன பாக்கி?"

"சாப்பிட்டியா?"

"காலையில இருந்து பச்சைத் தண்ணி இல்லை. இப்ப விருந்து வைக்கப் போறீங்களோ? உள்ள தள்ளணும்னா தள்ளுங்க, எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா ஒண்ணு சொல்லிருதேன். வைப்பாத்துக் குட்டைப் பெட்டியும் நேத்தே தொட முடியாமக் கொதிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. வேல்பாண்டி அண்ணன்கிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாரு. இன்னைக்கு வெயிலுக்கு அதுவும் போகும். சாவியை எவன்கிட்டயாவது குடுத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்க. அந்த இறாலு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"சாவி என் இடுப்புல இருக்கு."

"இடுப்புல வச்சு அழகு பாருங்க. நீங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். பூட்டை உடைக்கட்டுமா?"

அண்ணாச்சியின் மூடிய கையிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டியது. அவர் போட்ட பூட்டு. கடை கடையாக ஏறி இறங்கி, இழுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கிய பூட்டு.

"உன் ஒருத்தியாலயா?"

"எங்கப்பா வாசல்ல நிக்காரு. கம்பி எடுத்துக்கிட்டுப் போயிருவோம். அப்புறம் பூட்டை உடைச்சேன்னு இன்னொரு கேசு போடுவீங்களா?"

டீச்சர் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். அண்ணாச்சி அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தார்.

"உடை" என்றார்.

"என்ன?"

"உடைன்னு சொன்னேன். எல்லாக் குட்டையிலயும் உடை. போனை இன்ஸ்பெக்டர்கிட்ட குடு."

இன்ஸ்பெக்டரிடம் அவர் பேசியது கொஞ்சம்தான். புகார் இல்லை என்றார். யார் மேலும் இல்லை என்றார். காலையிலிருந்து ஒரு பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைக்கச் செய்ததற்கு இன்ஸ்பெக்டர் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சேர்மத்துரையை ஒருவர் திட்டி, அவர் திருப்பித் திட்டாமல் இருந்தது அந்த வட்டாரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

போனை வைத்தார். பெட்டி மேசையில் திறந்து கிடந்தது. இந்த முறை அதன் மேல் அவர் கை இல்லை. விசிறி சத்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எட்டு வருஷம்" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

டீச்சர் பாலிதீன் பையிலிருந்து வடிந்த தண்ணீரைத் துணியால் துடைத்தார்.

அண்ணாச்சி அந்தத் துணியைப் பார்த்தார். அப்புறம் அவர் கண் மெல்ல ஏறி, டீச்சரின் முகத்துக்கு வந்தது. பழைய பார்வை. டீ ஆற்றுகிறவனைப் பார்க்கிற பார்வை.

"டீச்சர், ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"ஒரு வருஷமா வாரேன். நீங்க சொன்ன எதுவும் இதுவரைக்கும் தப்பாப் போகலை. அதான் இப்ப இடிக்கு. உங்களை நம்பலாமா?"

டீச்சர் பையின் வாயை முடிச்சுப் போட்டு, மேசையின் குறுக்கே அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஐஸ் இன்னும் மிச்சம் இருக்கு, அண்ணாச்சி. என்னையும் சோதிச்சுக்கோங்க."